பழைய ஐரோப்பிய டீசல் கார் வாங்கும் முன்: ஓட்டம், எஞ்சின், கடைசியாக அழகு

எட்டு, ஒன்பது லட்ச ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு பழைய கார் யார்டுக்குப் போய்ப் பாருங்கள். புது ஸ்விஃப்ட் வாங்கும் பணத்துக்கு, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு ஜெர்மன் செடான் கழுவித் துடைத்து நிற்கும். கதவைச் சாத்தினால் கனமான இரும்பு பீரோவைச் சாத்துவது போல ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள். நானும் விழுந்தவன்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 45 லட்சத்துக்கு விற்ற கார் இன்று 9 லட்சத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் ஹெட்லைட், இஞ்செக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்), சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் இன்னும் 45 லட்ச ரூபாய் காரின் விலையில்தான் விற்கின்றன. அதனால் நம்மில் பலர் பார்க்கும் வரிசையை (முதலில் அழகு, பிறகு பிராண்ட், பிறகு மைலேஜ், கடைசியில் எஞ்சின்) அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். கீழே உள்ளது அந்தத் திருப்பிய வரிசை.

1. முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

டீசல் என்றால் மிச்சம் என்ற எண்ணம் ஒரு காலத்துக் கணக்கு. 2014 அக்டோபர் வரை டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதற்கு முந்தைய சில வருடங்களில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல்கூட வித்தியாசம் இருந்தது. இப்போது சென்னையில் அது 10 ரூபாய்க்குள் சுருங்கிவிட்டது.

ஒரு காகிதம் எடுங்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 17 கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு ஒரு லட்சம், டீசலுக்கு ஏறக்குறைய 65,000. மிச்சம் 35,000 ரூபாய். அதுவே வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் என்றால் மிச்சம் 15,000-கூட வராது. பழைய ஜெர்மன் டீசலில் ஒரே ஒரு இஞ்செக்டர் போனால் அந்த மிச்சம் போய்விடும்.

கணக்கைவிட முக்கியம், எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது. பிஎஸ் 6 (2020-ல் வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் புகைபோக்கிப் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூடு வர நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது சீராக ஓட வேண்டும். தி.நகரிலிருந்து நுங்கம்பாக்கம், அங்கிருந்து திரும்பி தி.நகர் என்று மட்டுமே ஓடும் காருக்கு அந்த வாய்ப்பே வராது. கரி எரியத் தொடங்கும்போது வண்டியை நிறுத்தி சாவியை எடுத்துவிடுவோம். எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். “பாருங்க சார், ஒரு சொட்டு ஆயில் குடிக்கல” என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார், நாமும் தலையாட்டுவோம்.

என் கணக்கு இது: மாதம் 800 கிலோமீட்டருக்குக் கீழே, அதுவும் ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால் டீசலை மறந்துவிடுங்கள். வாரம் ஒருமுறை திருச்சியோ சேலமோ போய் வருபவர் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

2. வருடத்தைப் பாருங்கள்

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி, ரெனோ ஆகிய நான்கும் இந்தியாவில் டீசல் கார் விற்பதை விட்டுவிட்டன. ஆக, இந்த நான்கில் டீசல் வேண்டும் என்றால் அதற்கு முந்தைய வண்டிதான். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் இரண்டும் பிஎஸ் 6 டீசலைத் தொடர்ந்தன.

டெல்லி வண்டி பற்றி ஒரு வார்த்தை. தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்து எட்டு, ஒன்பது வருட டீசல் வண்டிகள் அங்கிருந்து மலிவாக வெளியேறி நம் யார்டுகள் வரை வரத் தொடங்கின. விலையைப் பார்த்து மயங்கும் முன், என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டில் மறுபடி கட்ட வேண்டிய வரி, நம்பர் மாற்றும் அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகும் லாபம் என்றால் வாங்கலாம். பெரும்பாலும் இருக்காது.

3. பேட்ஜை விட்டுவிட்டு எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ‘ஐரோப்பிய கார் நம்பகமானதா’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ‘இந்த எஞ்சின் நம்பகமானதா’ என்ற கேள்விக்கு உண்டு.

ஃபியட்டின் 1.3 மல்டிஜெட்டிலிருந்து தொடங்கலாம். 1248 சிசி இத்தாலிய எஞ்சின். நம் ஊரில் ஃபியட் கார்களைவிட மாருதி கார்களில்தான் இது அதிகம் ஓடியது: ஸ்விஃப்ட், டிசைர், எர்டிகா, பிரெஸ்ஸா. டாடாவின் விஸ்டாவும் மான்ஸாவும் இதே எஞ்சின்தான். ‘தேசிய எஞ்சின்’ என்று செல்லப்பெயரே உண்டு. தென்காசியிலிருந்து ஓசூர் வரை எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். இதே எஞ்சினை அழகான உடம்போடு வேண்டும் என்றால் புண்ட்டோவும் லீனியாவும் இருக்கின்றன. புண்ட்டோவின் வடிவத்தில் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோவின் கை இருக்கிறது. இன்றைக்கும் பழசாகத் தெரியாது. சிக்கல் எங்கே என்றால், இங்கே ஃபியட் கார் விற்பனையே நின்று பல வருடம் ஆகிவிட்டது. எஞ்சின் சாமான் மாருதி ஸ்பேர் கடையில் கிடைத்துவிடும். ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் புதுப்பேட்டையில் அலைய வேண்டும்.

அடுத்தது ரெனோவின் 1.5, கே9கே என்ற குறியீடு கொண்ட 1461 சிசி எஞ்சின். 2012-ல் ஒரகடம் ஆலையிலிருந்து வெளிவந்த டஸ்டரில் 85, 110 குதிரைத்திறன் என்று இரண்டு அளவில் வந்தது. ஐரோப்பாவில் மெர்சிடிஸின் ஏ கிளாஸிலும் இதே குடும்பத்து எஞ்சினைப் போட்டார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் போட்டார்கள். மைலேஜும் தரும், உழைக்கவும் செய்யும். வால்வையும் பிஸ்டனையும் தாளம் தவறாமல் ஓட வைக்க இதில் சங்கிலி இல்லை, டைமிங் பெல்ட். புத்தகத்தில் சொன்ன தூரத்திலோ வருடத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியே ஆக வேண்டும். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். ‘பெல்ட் மாத்தியாச்சு’ என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், பில் கேளுங்கள்.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்து டீசல்கள் எல்லாம் டிடிஐ (டர்போ டீசலுக்கு அவர்கள் வைத்த பெயர்). போலோவில் முதலில் வந்த மூன்று சிலிண்டர் 1.2 உழைக்கும், ஆனால் அதிரும். வென்ட்டோவின் 1.6-உம் பிறகு வந்த 1.5-உம்தான் நான் சிபாரிசு செய்வது, இவற்றிலும் பெல்ட்தான். ஆக்டேவியா, சூப்பர்ப், ஆடி ஏ4 கார்களில் இருந்த 2.0 எஞ்சின் நெடுஞ்சாலையில் ஓட்ட ஓட்டச் சந்தோஷம். 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெடித்த மாசு அளவு மோசடி நினைவிருக்கும்: சோதனையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் மென்பொருள். அந்த வருடக் கடைசியில் இந்தியாவிலும் இந்த எஞ்சின்கள் உள்ள சுமார் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். 2015 நவம்பருக்கு முந்தைய வண்டி என்றால், அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று சேசிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஎம்டபிள்யூ 320டி, 520டி, எக்ஸ்1 இவற்றில் பழைய வண்டிகளில் இருப்பது என்47 எஞ்சின். 2007-ல் வந்தது. இதன் டைமிங் சங்கிலி எஞ்சினுக்கு முன்னால் இல்லை; பின்னால், கியர்பாக்ஸ் பக்கம். சங்கிலி தேய்ந்து சத்தம் போடுவது, முக்கியமாக 2011 வரை வந்த வண்டிகளில், உலகம் முழுக்கத் தெரிந்த குறை. மாற்ற வேண்டும் என்றால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ கீழே இறக்க வேண்டும். சங்கிலி விலை குறைவு, இறக்கி ஏற்றும் கூலிதான் ஆளைச் சாய்க்கும். 2014 முதல் வந்த பி47 எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் இஜிஆர் கூலரில் (புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் பாகம்) கசிவு வந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் 2018-ல் பல நாடுகளில் திரும்ப அழைத்தார்கள். இதற்கும் சேசிஸ் நம்பரோடு போய்க் கேட்பதுதான் வழி. செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலேயே இந்தக் கார்களைப் பொருத்துகிறார்கள், ஸ்பேர் மலிவாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது.

மெர்சிடிஸில் சி 220, இ 220, இ 250 இவற்றில் பல வருடம் இருந்தது ஓஎம்651. ஆரம்ப கால வண்டிகளில் பியேஸோ வகை இஞ்செக்டர்கள் பழுதாகி, கம்பெனியே வேறு வகைக்கு மாறியது. அந்த மாற்றம் நடந்த வண்டி என்றால் எஞ்சின் லேசில் சாகாது. ஆனால் சத்தம் கொஞ்சம் லாரி மாதிரி. 2016-ல் அறிமுகமான ஓஎம்654 அதைவிட அமைதி, அதைவிட மைலேஜ். பணம் இருந்தால் என் கண் அதன் மேல்தான்.

முதல் முறை வாங்குகிறவருக்கு: 1.5 டிடிஐ மேனுவல் அல்லது 110 டஸ்டர். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் எல்லாம் வீட்டில் இன்னொரு வண்டி வைத்திருப்பவருக்கு.

4. கியர்பாக்ஸ்

மேனுவல் என்றால் கிளட்ச் மட்டும் பார்த்தால் போதும். ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை என்று கேளுங்கள்.

வென்ட்டோ டீசல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டிகியூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்). இதன் இரண்டு கிளட்சும் ஆயிலில் நனையாத உலர் வகை. கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு அங்குலம் அங்குலமாக ஊரும்போது இவை சூடாகும். மெக்கட்ரானிக் என்ற மூளைப் பகுதியும் இதில் போகும். ஆக்டேவியா 2.0 டீசலில் வந்த ஆறு கியர் டிஎஸ்ஜி வேறு, அது ஆயிலில் நனைந்த வகை; 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருந்தால் நன்றாகவே உழைக்கும். பிஎம்டபிள்யூவின் எட்டு கியர் இசட்எஃப் பெட்டி இந்தக் கூட்டத்தில் மிக நம்பகமானது. ‘வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்று விற்பவர் சொல்லலாம். அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

5. கார் பார்க்கும் முன் மெக்கானிக்கைப் பாருங்கள்

உங்கள் ஊரில் இந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஸ்கேனர் வைத்திருக்கும் தனி ஒர்க் ஷாப் இருக்கிறதா? சென்னை, கோவையில் இருக்கும். சின்ன ஊர் என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சென்னை ஜிபி ரோட்டில் இரண்டு ஸ்பேர் கடைக்குப் போன் போட்டு மூன்று சாமானுக்கு விலை கேளுங்கள்: முன்பக்க லோயர் ஆர்ம், ஒரு ஹெட்லைட், ஒரு இஞ்செக்டர். விலையோடு ‘எத்தனை நாளில் வரும்’ என்றும் கேளுங்கள். பதினைந்து நிமிட வேலை. பலருக்கு அந்த மூன்று விலையைக் கேட்டதுமே கார் ஆசை தணிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஹெட்லைட் விலையிலேயே தணிந்தது.

6. அழகுக்கு எவ்வளவு இடம்?

இவ்வளவு சொன்னதால் அழகு வேண்டாம் என்று அர்த்தமில்லை. பூட்டிவிட்டு நடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்க வைக்கும் காரை மனிதர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சின்னச் சத்தம் வந்தாலும் காது கொடுக்கிறார்கள், சர்வீஸைத் தள்ளிப்போடுவதில்லை. ஒரே எஞ்சின், ஒரே கண்டிஷன் என்று இரண்டு கார் நின்றால், அழகானதை எடுங்கள். அழகுக்கான இடம் அங்கேதான்.

ஆனால் அழகின் விலையைத் தெரிந்துகொண்டு எடுங்கள். 18 அங்குல சக்கரமும் பட்டையான டயரும் போட்டோவில் அருமை. வேளச்சேரி மழைக்காலப் பள்ளத்தில் முதலில் வீங்குவது அந்த டயரின் பக்கச் சுவர்தான். ரன்ஃப்ளாட் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்) டயர் வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. பெரிய சன்ரூஃப் உள்ள காரில் மழைநீர் வடியும் குழாய் அடைத்தால் தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் இறங்கும், அங்கேதான் பாதி வயரிங் இருக்கிறது. எல்லாம் போட்ட டாப் மாடலைவிட, சின்னச் சக்கரமும் சாதாரணக் கூரையும் உள்ள நடு மாடல் பழைய காராக நல்லது.

7. காலை ஆறரை மணி

இப்போது என் கதை. சனிக்கிழமை மதியம் புரோக்கர் காட்டிய கறுப்பு ஜெர்மன் செடான். நான் போனபோதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “ஏசி போட்டு வச்சிருக்கேன் சார், வெயில்ல வர்றீங்கள்ல” என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். ஈசிஆரில் ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி போனது. திங்கட்கிழமை பணம் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை வீட்டு வாசலில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது, வண்டி சிலிர்த்து உதறி, வெள்ளைப் புகையை எதிர்வீட்டுக் கோலத்தின் மேல் கக்கி, முக்கால் நிமிடம் கழித்துத்தான் நிதானத்துக்கு வந்தது. இஞ்செக்டர் இரண்டு, குளோ பிளக் (குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக உதவும் பாகம்) நான்கு. கார் விலையில் ஏழில் ஒரு பங்கு.

அதனால் காரை எப்போதும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் கையைப் பானட் மேல் வையுங்கள். சூடாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வேறொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

குளிர்ந்திருந்தால் நீங்கள் பின்னால் நில்லுங்கள், ஸ்டார்ட் செய்ய இன்னொருவரை விடுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போ அல்லது பிஸ்டன் ரிங் பழுது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எரியாத டீசல், இல்லையென்றால் கூலன்ட். மிதிக்கும்போது லேசாகக் கறுப்பு வருவது பழைய டீசலில் சகஜம். மேகமாக வந்தால் இல்லை. முதல் சில நொடி சங்கிலிச் சலசலப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி துள்ளும் அளவுக்குக் காற்று அடித்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது.

ஓட்டும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்தால் டர்போ தயங்காமல் இழுக்க வேண்டும். டிஎஸ்ஜி என்றால் நெரிசலுக்குள் பத்து நிமிடம் கொண்டுபோங்கள். நின்று நகரும் அந்த முதல் நொடியில் நடுக்கம் வந்தால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது. கடைசியில் உங்கள் மெக்கானிக்கிடம் ஸ்கேன். பழுதுக் குறியீடு எதுவுமே இல்லாமல், வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்யும் சுயசோதனைகளும் முடியாத நிலையில் இருந்தால், யாரோ சற்று முன்தான் அழித்திருக்கிறார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பாருங்கள். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரின் மிக்ஜாமும் சென்னையில் ஏராளமான கார்களைக் குளிப்பாட்டியவை. வாசனை அடித்துச் சீட்டைத் துவைத்துவிடுவார்கள், ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருந்தால், வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

8. காகிதம்

ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா, இருந்தால் நீக்க ஃபார்ம் 35 உண்டா. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இன்சூரன்ஸில் பழைய கிளைம் ஏதாவது. சர்வீஸ் ரெக்கார்டில் நான் பார்ப்பது ஒன்றுதான்: கிலோமீட்டர் எண்கள் வருடத்துக்கு வருடம் சீராக ஏறுகின்றனவா. மூன்று வருடம் 20,000 வீதம் ஓடிய வண்டி நான்காவது வருடம் திடீரென்று 3,000 என்றால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

9. வாங்கிய பிறகு

கையில் 10 லட்சம் இருந்தால் 8 லட்சத்துக்குக் கார் பாருங்கள். மிச்ச 2 லட்சம் அலங்காரத்துக்கு அல்ல.

முதல் வாரமே எஞ்சின் ஆயில், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பில் இல்லாத டைமிங் பெல்ட்டை மாற்றாததாகவே எடுத்துக்கொண்டு, வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றுங்கள். ஆயில் வாங்கும்போது பிராண்டைவிட, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அங்கீகார எண் டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் சேரும்.

சர்வீஸ் முடிந்து வந்த அன்று இரவு வண்டிக்கு அடியில், எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வரை, பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். கறுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் ஆயில், சிவப்போ தேன் நிறமோ என்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் அல்லது ஸ்டீரிங், பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, அதை விட்டுவிடலாம். மற்ற எந்தச் சொட்டாக இருந்தாலும் அந்தத் தாளை மடித்து அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தே எங்கே திறக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.